மைக்கை நடுவில் வைத்து ஒரு வணக்கம்

“மைக்கு கத்துச்சுன்னா வெச்சிட்டு எறங்கிருவேன். அப்பறம் என்னைய யாரும் மேடைக்குக் கூப்புடக் கூடாது. சொல்லிட்டேன்.”

அண்ணன் இதைப் போனில் சொன்னார். சொன்னார் என்பதே கொஞ்சம் மிகைதான். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் குரல் பாதி காற்றும் பாதி மணலுமாகத்தான் வருகிறது. நான் வேனை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் விற்கும் கடையில் வேலை பார்ப்பவர். சனி, ஞாயிறு என்றால் கல்யாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி நடத்துவார். நான் இந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய வேனும் கொஞ்சம் ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு சவுண்டு வேலை செய்கிறவன். பல வருஷமாக அவர் மேடையில், நான் மேடைக்குக் கீழே. மைக் மக்கர் செய்தால் அவர் பதறவே மாட்டார். “விடுறா தம்பி. உன் பெட்டிய மூடி வை. என் தொண்டைக்குக் கரண்டு வேணாம்” என்று மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவார். கடைசி வரிசையில் தூங்கும் பிள்ளை எழுந்து அழும். எனக்கும் அது வசதிதான். என் செட்டில் என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அந்த மனிதருக்கு மகள் கல்யாண விருந்தில் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. நிச்சயதார்த்தத்திலும் அதே மண்டபம், அதே ஆசை, அதே என் செட்டு. குரல் பின்னால் போகவில்லை என்று நான் சத்தத்தை ஏற்றினேன். அவர் “வணக்கம்” என்றார். ஸ்பீக்கர் லாரி பிரேக் பிடித்த மாதிரி வீறிட்டது. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். மகள் மட்டும் சாப்பிடப் போகாமல், அப்பா வைத்துவிட்டுப் போன மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது ஏன் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் வரும். அதை மைக் மறுபடியும் கேட்டு ஸ்பீக்கருக்கே கொடுக்கும். நானும் என் மச்சானும் சண்டை போடுவது போலத்தான். அவர் சொன்னதை நான் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன், நான் சொன்னதை அவர் இன்னும் சத்தமாக. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

இதைத் தடுக்கத்தான் ஈக்குவலைசர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. வரிசையாக முப்பத்துச் சொச்சம் தள்ளு குமிழ்கள். இடது பக்கம் தடித்த சத்தம், வலது பக்கம் மெல்லிய சத்தம், ஒவ்வொரு குமிழும் ஒரு சின்னத் துண்டைக் கூட்டும் குறைக்கும். என் தொழில் வாழ்க்கை முழுவதும் நான் அதை ஒரே மாதிரிதான் வைத்திருந்தேன். இரண்டு ஓரமும் மேலே, நடுவில் கீழே. பார்ப்பதற்குச் சிரித்த வாய் போல இருக்கும். ஏன் அப்படி என்று யாராவது கேட்டால் “அக்கௌஸ்டிக் லா” என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் கழிவறைக்குப் போயிருப்பேன்.

இந்த முறை பயத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைக்காரர், லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர், பென்சில் மாதிரி ஒரு மைக். ஸ்பீக்கரில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் விடுகிறார். பென்சில் மைக் அதைக் கேட்கிறது. திரையில் ஒரு கோடு வருகிறது. மண்டபம் எந்தச் சத்தத்தை ஊதிப் பெருக்குகிறதோ அங்கே கோடு மேடு, எதை விழுங்குகிறதோ அங்கே பள்ளம். மேட்டைப் பார்த்து அந்தக் குமிழை இறக்குகிறார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். நான் இப்படி நினைத்த எல்லா வேலையும் என்ன ஆனது என்று என் மனைவிக்குத் தெரியும்.

மைக்கைத் தருவித்தேன், சாஃப்ட்வேரை இறக்கினேன். அதில் எழுதியிருந்த இங்கிலீஷ் எதுவும் எனக்குப் புரியவில்லை. மனைவி ஃபேக்டரியில் செக்கிங் வேலையில் இருப்பவள், தினமும் திரையில் கோடு பார்க்கிறவள். அவளைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு முதல் நாள் மத்தியானம் மண்டபத்துக்குப் போனேன்.

தகரக் கூரை, டைல்ஸ் தரை, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். கை தட்டினால் அந்தச் சத்தம் நாலு பக்கமும் போய்விட்டு, விலாசம் கேட்டுக்கொண்டு திரும்பி வரும். ஸ்பீக்கரை நிறுத்தி, நாற்காலிகளுக்கு நடுவில் பென்சில் மைக்கை ஸ்டாண்டில் வைத்து, மழைச் சத்தத்தை விட்டேன். ஷ்ஷ்ஷ் என்று மண்டபமே நிறைந்தது. உடனே மண்டபத்துக் காவல்கார சீன அங்கிள் கையில் வாளியோடு ஓடி வந்தார்.

“பைப் பெச்சா கா?”

பைப் வெடித்துவிட்டதா என்று கேட்கிறார். இல்லை அங்கிள், சவுண்டு டெஸ்ட் என்றேன். அவர் ஸ்பீக்கரையும் என்னையும் பார்த்தார். தண்ணீர் சத்தத்தைப் போட்டு டெஸ்ட் செய்கிறவனை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. வாளியை எடுத்துப் போகாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். முன்னெச்சரிக்கை.

திரையில் கோடு வந்தது. ஒரே மேடும் பள்ளமும். ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு கோடு வந்தால் சொந்தக்காரர்களை வரச்சொல்லிவிடுவார்கள்.

“இங்க பெரிய பள்ளம் இருக்குங்க” என்றாள் மனைவி, இடது பக்கத்தைத் தொட்டு.

“பள்ளம்னா ரொப்ப வேண்டியதுதான்” என்று அந்தக் குமிழை ஏற்றினேன். பள்ளம் அசையவில்லை. இன்னும் ஏற்றினேன், உச்சி வரை. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பள்ளம் அப்படியேதான் இருந்தது.

“ஏங்க, ஜன்னல் ஆடுது. பள்ளம் ஆடல.”

“ஆடும், ஆடும்.”

“அந்த வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பாதியில் சாப்பாடு வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மீதியைப் பார்த்தாள். சில பள்ளங்கள் குமிழால் நிரம்பாதாம். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் நேராக வரும் சத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடமாம் அது. எவ்வளவு ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே அடித்துக்கொள்ளும். மைக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பார் என்கிறார் வெள்ளைக்காரர். அவள் போய் ஸ்டாண்டை அரைக் கை தூரம் நகர்த்தினாள். பள்ளம் காணாமல் போய்விட்டது.

அதாவது நான் ஒரு காலி நாற்காலியைச் சந்தோஷப்படுத்த மண்டபத்தையே இடிக்கப் பார்த்திருக்கிறேன். குமிழை இறக்கினேன். பிறகு முன் வரிசை, நடு, பின் வரிசை, ஓரம் என்று மைக்கை இடம் மாற்றி மாற்றி வைத்து, எல்லா இடத்திலும் பொதுவாக வரும் மேடுகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். என் பல வருஷத்துச் சிரித்த வாய் போய், பல் விழுந்த சீப்பு மாதிரி ஒரு வரிசை வந்தது. அசிங்கமாக இருந்தது. ஆனால் மண்டபத்தில் முதல்முறையாகப் பேச்சு பேச்சாகக் கேட்டது.

அடுத்து மேடை மைக். அதை ஸ்டாண்டில் நிறுத்தி, கத்துகிற எல்லை வரை சத்தத்தை ஏற்றி, திரையில் எந்த இடம் ஊசி மாதிரி எழும்புகிறதோ அந்தக் குமிழைத் துளி இறக்கினேன். மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். கடைசியில், அண்ணன் குரலுக்கு வேண்டிய அளவு ஏற்றியும் மைக் மூச்சு விடவில்லை. எனக்கு ஆனந்தமாகிவிட்டது. ஒயரைச் சுருட்டப் போனேன்.

மனைவி சும்மா இருக்காமல் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி, அண்ணன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சபையோர் அனைவருக்கும்...” என்று ஆரம்பித்து, மைக்கை நடுவில் வைத்து இரண்டு கையையும் கூப்பினாள்.

வீறிட்டது. சீன அங்கிள் வாளிக்கு ஓடி வந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நிச்சயதார்த்தத்தில் நடந்தது எனக்கு அப்போதுதான் கண்ணுக்கு முன் வந்தது. அண்ணன் மட்டுமா? நம் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். மைக் கையில் வந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும், வணக்கம் என்றால் கை கூப்ப வேண்டும், மைக்கைக் கீழே வைக்கவும் முடியாது. அதனால் மைக்கின் தலையை உள்ளங்கைகளுக்கு நடுவில் பொத்திக் கும்பிடுவார்கள். தலையைப் பொத்தினால் மைக்கின் குணமே மாறிவிடும். முன்னால் மட்டும் கேட்க வேண்டிய மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். அந்த வெள்ளைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. அவர் ஊரில் யாரும் மைக்கைக் கும்பிடுவதில்லை.

“அப்படியே நில்லு. கைய எடுக்காத” என்றேன்.

“எவ்ளோ நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

அவள் மேடையில் கை கூப்பி நின்றாள். நான் லேப்டாப்பைப் பார்த்து, ஊசிகள் புதிதாக எழும்பும் இடங்களைத் தேடித் தேடிக் குமிழை இறக்கினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னைக் கும்பிட்டு நின்றது அன்றுதான். அதை ரசிக்கக்கூட முடியவில்லை. ஒரு ஊசியை அடக்கினால் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

“கை வலிக்குது லா. கோயில்லகூட இவ்ளோ நேரம் கும்புட்டது இல்ல.”

“கோயில்ல கேட்டது கெடைக்காம போகலாம். இங்க கெடச்சே ஆகணும்.”

ஒரு வழியாக வணக்கம் அடங்கியது. ஆனால் இவ்வளவு குமிழை இறக்கியதில் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. அண்ணனுக்கு இருப்பதே காற்றும் மணலும். அந்த மணலையும் நான் வடிகட்டிவிட்டால் மிச்சம் என்ன? சிலவற்றைத் திரும்ப ஏற்றினேன். ஏற்றினால் வணக்கம் முனகியது, இறக்கினால் குரல் பானைக்குள் போனது. நடுவில் ஒரு முடி அகல இடம் இருந்தது. அதில் நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரும் ஸ்டாண்டும் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டினேன்.

வீட்டுக்கு வந்தும் நிம்மதி இல்லை. பேசாமல் அண்ணனிடமே சொல்லிவிடலாம், கை கூப்பாமல் பேசுங்கள் என்று. போன் போட்டேன்.

“சொல்லுடா” என்றது காற்று.

“அண்ணே... நாளைக்கு பேசறப்ப...”

“கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா. வணக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு.” இதைச் சொல்லி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“சாப்ட்டீங்களாண்ணே?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் ஸ்பீக்கரைக் காணவில்லை. அலங்காரம் செய்யும் அக்கா அதை மேடைக்குப் பின்னால் பூச்சுவர் ஓரம் தள்ளியிருந்தார். அங்கே இருந்தால் ஸ்பீக்கர் நேராக மைக்கின் வாயிலேயே பேசும். நேற்று முழுக்க அளந்தது அவ்வளவும் வீண்.

“அக்கா! டேப் ஒட்டி வெச்சிருந்தேனே!”

“கறுப்பா பூதம் மாதிரி நிக்குது தம்பி. போட்டோல பொண்ணு பக்கத்துல அதுதான் விழும்.”

“புடவை வேணா கட்டி விடுங்கக்கா. எடத்த மட்டும் மாத்தாதீங்க.”

அவர் நிஜமாகவே கட்டிவிட்டார். ரோஸ் கலரில் வலைத்துணி, நடுவில் ஒரு பூ. என் ஸ்பீக்கர் வளைகாப்புக்கு வந்த மாதிரி டேப் மேல் போய் நின்றது. வலைத்துணி என்பதால் சத்தம் தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை. கெப்பாலா பத்தாஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து இறங்கியதும், யாரோ மண்டபத்தின் பெரிய ஃபேன்களை எல்லாம் போட்டுவிட்டார்கள். நேற்று ஃபேன் இல்லாமல் அளந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரையில் கோட்டின் அடிப்பாகம் முழுக்க உயர்ந்து, பார்க்கப் பினாங்கு மலை மாதிரி நின்றது. அண்ணனின் குரல் அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும்.

“வேர்க்குதா உங்களுக்கு?” என்றாள் மனைவி.

“ஃபேன் காத்து பத்தல” என்றேன். சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் ஜிப்பாவில் மேடை ஏறினார். மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடிப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிச்சயதார்த்தம் இருந்தது. பிறகு மெதுவாக, மைக்கை நடுவில் வைத்து, கை கூப்பினார்.

சத்தத்தைக் குறைத்துவிடலாமா என்று விரல் துடித்தது. குறைத்தால் கத்தாது. ஆனால் வணக்கமும் கேட்காது. குறைக்கவில்லை. திரையில் ஒரு ஊசி தலை தூக்கியது. ங்ங்ங்... என்று கொசு மாதிரி ஒரு முனகல். அந்தக் குமிழைத் துளி தட்டினேன். அடங்கியது.

ஆனால் அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். இத்தனை வருஷம் மேடையில் நின்ற காதுக்கு அது தப்புமா? கை பிரிந்தது. மைக்கைக் குனிந்து பார்த்தார். அப்படியே வைத்துவிட்டு இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மணமேடையில் மகளும் எழுந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. லேப்டாப், சாஃப்ட்வேர், பென்சில் மைக் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மிக்சருக்குப் பின்னால் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கை கூப்பினேன். தயவுசெய்து பேசுங்கள் என்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நான் யாரைக் கும்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

“பாருங்க... சவுண்டுக்காரன் என்னையக் கும்புடறான். முன்னாடில்லாம்... அவன் செட்டு ரிப்பேரானா நான்தான் அவன் மானத்தக் காப்பாத்துவேன்.”

முன் வரிசை சிரித்தது. பின் வரிசை சிரிக்கவில்லை. அங்கே ஆட்கள் காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு சாய்ந்து பார்த்தார்கள். ஃபேன். சத்தத்தை இன்னும் ஏற்ற ஒரு முடி இடம்கூட இல்லை. நான் மிக்சரை விட்டுவிட்டு ஓடினேன். சுவிட்ச் மண்டபத்தின் மறு கோடியில், சமையல்கட்டுப் பக்கம். நாற்காலிகள், கைப்பைகள், ஒரு தொட்டில் வண்டி எல்லாவற்றையும் தாண்டி ஓடி, எல்லா ஃபேனையும் அணைத்தேன். சீன அங்கிள் ஏன் என்று சைகையில் கேட்டார். நானும் சைகையில் மேடையைக் காட்டினேன். புரிந்துகொண்டு, சமையல்கட்டுக் கதவை அவரே சாத்தினார்.

ஃபேன் ஓய ஓய அண்ணன் குரல் மேலே வந்தது. வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். அண்ணியின் பெயரைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் தன் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டவள் என்றார். மகளிடம், “உங்கிட்டச் சத்தமா பேசுனதெல்லாம் மன்னிச்சுரும்மா. இப்பப் பேசச் சொன்னா... மெதுவாத்தான் பேசுவேன்” என்றார். புழுக்கத்தில் எல்லோரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. பேச்சு முடியும்போது நம் ஆள் என்ன செய்வார்? நன்றி, வணக்கம். மறுபடியும் கும்பிடுவார்! நான் மண்டபத்தின் இந்தக் கோடியில், மிக்சர் அந்தக் கோடியில். ஓட வழியில்லை. நடுவழியில் எல்லோரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். தூரத்தில் மனைவி எழுந்து நிற்பது தெரிந்தது. எந்தக் குமிழ் என்று அவளுக்குத் தெரியுமா? நான் கையை ஆட்டினேன். அவளும் பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

“நன்றி... வணக்கம்.”

மைக்கை நடுவில் வைத்து, தலை குனிந்து, நீண்ட ஒரு கும்பிடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதுவும் கத்தவில்லை. கண்ணைத் திறந்தபோதும் அவர் கும்பிட்டபடியே நின்றார். வேண்டுமென்றேதான் கையை எடுக்காமல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் கைத்தட்டல். தகரக் கூரை, கண்ணாடி, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து தட்டின. மகள் இறங்கிப் போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மிக்சரிடம் வந்து சேர்ந்தேன்.

“எந்தக் கொமிழ எறக்குன?”

“எதையும் தொடல. பயமா இருந்துச்சு. உங்கள மாதிரியே நானும் கும்புட்டேன்.”

லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கைத்தட்டல் ஷ்ஷ்ஷ் என்று மழை மாதிரிதான் கேட்டது. நேற்று மத்தியானம் முழுக்க நான் நேராக்கப் பார்த்த கோடு, வலது பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தாலும், என் கை படாமலே ஏறக்குறைய நேராகத் திரையின் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. மனைவிக்குக் காட்டலாம் என்று திரும்பினேன்.

“டேய் சவுண்டு! ஃபேனப் போட்டுத் தொலைடா, செத்துருவோம் போல!” என்று யாரோ கத்தினார்கள். மைக் இல்லாமலே நன்றாகக் கேட்டது.